தபால்காரரின் விடுமுறை

அத்தியாயம் 14

அக்காவும் அத்தானும் ஒரே வீட்டில் ஏழு மாதமாக ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல் இருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அம்மா கண் மூடிய நாளில், ஏதோ ஒரு கட்டடத்தில் நின்றுபோன லிஃப்டுக்குள் மூன்று பேர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். லிஃப்ட் மெக்கானிக்கான அத்தான் அவர்களை வெளியே எடுத்துவிட்டு நான்கு மணி நேரம் தாமதமாக வந்தார். அக்கா ஒரு வார்த்தை சொன்னாள். அவர் ஒரு வார்த்தை சொன்னார். அதோடு சரி. முகத்தில் விழிக்காமல் இருப்பதற்காகவே அவள் மருந்துக் கடையில் காலை ஆறு மணி வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவர் மதியம் ஒரு மணி வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். காலையில் அப்பாவோடும் சாயங்காலம் அம்மாவோடும் இருக்கும் மகள்தான் நடுவில் சேதி சுமந்தாள். பன்னிரண்டு வயது. ஆள் சிறுசு, காரம் அதிகம் என்பதால் வீட்டில் அவளுக்கு மிளகு என்று பெயர்.

அக்காவின் தங்கைக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அது வியாழக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு போனில் வந்தது.

அப்போது அவள் இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் வயிற்றுவலியைக் கவனித்துக்கொண்டிருந்தாள். பள்ளியில் அவளுக்குக் காது டீச்சர் என்று பெயர். அறை வாசலில் முதலில் 'கவுன்சிலர்' என்று பலகை மாட்டியிருந்தார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்று இரண்டு பேர் வந்து மனு கொடுத்துவிட்டுப் போன பிறகு, 'மாணவர் நல ஆலோசகர்' என்று மாற்றினார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கும் சின்னதுகளுக்கு அது வாயில் நுழையவில்லை. அதனால் பலகைக்குக் கீழே ஒரு பெரிய காதை வரைந்து ஒட்டினாள். பெயரும் ஒட்டிக்கொண்டது.

வயிற்றுவலியோடு வரும் பிள்ளையிடம் அவள் ஏன் என்று கேட்கமாட்டாள். ஏன் என்றால் பிள்ளைகள் பயந்துவிடும், தப்பு செய்துவிட்டோம் என்று நினைக்கும். எப்போது வந்தது, எப்போது போகும் என்று மட்டும்தான் கேட்பாள்.

"எப்போ போகும்?"

"கணக்கு டீச்சர் போனதும்."

"நேத்தும் கணக்கு இருந்துச்சே, வலிச்சுதா?"

"நேத்து என் பக்கத்துல அவ உக்காந்திருந்தா. இன்னிக்கு அவளை முன்னாடி பெஞ்சுக்கு மாத்திட்டாங்க."

விஷயம் அவ்வளவுதான். கணக்கும் இல்லை, வயிறும் இல்லை. தோழி மூன்று பெஞ்சு தள்ளிப் போய்விட்டாள். சின்னதுகளோடு வேலை பார்ப்பதில் இந்த ஒரு சௌகரியம் உண்டு. சரியான இடத்தில் கேட்டால் பதில் மேலேயே மிதந்துகொண்டிருக்கும். ஆறாம் வகுப்பைத் தாண்டினால் அப்படி இல்லை. அதுகள் பதிலை எங்கே வைத்தோம் என்று தங்களுக்கே தெரியாத அளவுக்கு ஒளித்துவைத்துவிடும்.

குழந்தையை அனுப்பிவிட்டு போனை எடுத்தாள்.

"வேலையா இருக்கியா?" என்றாள் அக்கா. பின்னால் கடையின் சத்தம் கேட்டது.

"சொல்லுக்கா."

"உங்க ஸ்கூல் லைப்ரரில இருந்து சீட்டு வந்திருக்கு. மிளகு பென்சில் டப்பாவுல இருந்துச்சு. மஞ்ச சீட்டு."

காது டீச்சர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"என்ன புத்தகம்?"

"'தபால்காரரின் விடுமுறை'. நேத்தே குடுத்திருக்கணுமாம். ராத்திரி எட்டு மணி வரைக்கும் வீட்டைப் புரட்டிட்டேன்டி. கட்டிலடி, அலமாரி, துணிக்கூடை ஒண்ணு விடல. அவளைக் கேட்டா 'ஸ்கூல்லயே இருக்கும்'ங்கறா, என் முகத்தைப் பாக்காம. படிக்கிற பிள்ளை புத்தகத்தைத் தொலைக்குமா?"

"நம்பர் ஏதாவது போட்டிருக்கா?"

"புத்தக எண் ஆயிரத்து நூத்தி இருபது. கீழ பச்சை மையில ஒரு கிறுக்கல். எந்த டாக்டர் கையெழுத்தையும் படிச்சிடுவேன், இதைப் படிக்க முடியல."

பச்சை மை. காது டீச்சர் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினாள்.

இந்த மஞ்சள் சீட்டின் சூட்சுமத்தை இங்கே சொல்லியாக வேண்டும். சின்ன வகுப்புப் பிள்ளைகள் காது அறைக்கு முன்வாசல் வழியாகவே, கையை வீசிக்கொண்டு வரும். பெரிய வகுப்புகளில் அது நடக்காது. அந்த வாசலில் ஒருவன் நிற்பதை இன்னொருவன் பார்த்துவிட்டால் போதும், சாயங்காலத்துக்குள் 'கழண்ட கேஸ்' என்று பட்டம் கட்டிவிடுவார்கள். அதனால் ஐந்து வருஷத்துக்கு முன் அவளும் நூலகரும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். காது அறைக்கு இன்னொரு கதவு உண்டு. அது நூலகத்தின் கடைசி அலமாரிக்குப் பின்னால் திறக்கும். நூலகத்தில் புத்தகம் தாமதமானால் மஞ்சள் சீட்டு வரும். மஞ்சள் சீட்டு வாங்காத பிள்ளையே அந்தப் பள்ளியில் கிடையாது, அதை வைத்து யாரும் யாரையும் கேலி செய்ய முடியாது. எனவே காது அறைக்கு வரவேண்டிய பிள்ளைக்கும் அதே மஞ்சள் சீட்டுதான் போகும். வித்தியாசம் மூன்று. நூலகரின் சுருக்கொப்பம் நீல மையில் இல்லாமல் பச்சை மையில் இருக்கும். புத்தக எண் இருக்கவேண்டிய இடத்தில் வரவேண்டிய நேரம் இருக்கும். புத்தகத்தின் பெயர், உலகத்தில் இல்லாத ஒரு புத்தகத்தின் பெயர். அதை முதல் நாளே அந்தப் பிள்ளை தானாகத் தேர்ந்துகொள்ளும். உள்ளே வந்ததும் சீட்டை வாங்கிக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். எல்லாம் காதும் காதும் வைத்த மாதிரி நடக்கும்.

ஆயிரத்து நூற்று இருபது என்றால் பதினொன்று இருபது. நேற்று, புதன்கிழமை, பதினொன்று இருபதுக்கு மிளகு அந்த அலமாரிக்குப் பின்னால் போயிருக்கிறாள். அவசரத்தில் சீட்டைக் கிழிக்க மறந்திருக்கிறார்கள்.

புதன்கிழமை அந்த அறையில் காது டீச்சர் இருக்கமாட்டாள். வேறு பள்ளியிலிருந்து இன்னொரு ஆலோசகர் வருவாள். பிள்ளைகளுக்கு அவள் புதன் டீச்சர். ஆலோசகர் தன் சொந்தக்காரப் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லக்கூடாது, அவர்களைப் புதன் டீச்சர்தான் பார்க்கவேண்டும், யார் வந்தார் என்பதைக்கூட இவளிடம் சொல்லக்கூடாது என்பது விதி. கண்ணாடிச் சட்டம் போட்டு அறையில் மாட்டியிருக்கிறது. எழுதியது இவளேதான்.

"என்னடி பேச்சையே காணோம்?"

"நான் லைப்ரரில கேக்கறேன்கா. நீ தேடாத."

"தேடறதுக்கு இனிமே இடம் ஏது? உப்பு பாட்டிலுக்கு அடியில சீட்டை வச்சிட்டு வந்துட்டேன், அவர் கண்ணுலயும் படட்டும்னு." அக்காவின் குரல் தணிந்தது. "ஒண்ணு சொல்லவா? அந்த ரெண்டு வருஷ வெளியூர் வேலை வந்துச்சே, அதுக்கு அவர் போகலியாம்."

"அவரா சொன்னார்?"

"மிளகுகிட்ட சொல்லி அனுப்பிச்சார். வேலை வந்திருக்குன்னு தெரிஞ்சதும் நான் என்ன சொல்லி அனுப்பினேன் தெரியுமா? போறதுன்னா போகட்டும், ஆனா திரும்பி இந்த வாசப்படி மிதிக்கவேண்டாம்னு. அவ்வளவு கோவம் எனக்கு. அதுக்குப் பதில் வருது, 'உங்களை விட்டுட்டு நான் எங்கயும் போகல'ன்னு. அன்னிக்கு ராத்திரி பூரா எனக்குத் தூக்கமே வரல." ஒரு நிமிஷம் யாருக்கோ மாத்திரை எடுத்துக் கொடுக்கும் சத்தம். "ஞாயித்துக்கிழமை நானே பேசிடலாம்னு இருக்கேன். எத்தனை நாளைக்குத்தான் இப்படி."

"பேசுக்கா."

"சரி சரி, நீ உன் கேஸுங்களைப் பாரு. நம்ம பிள்ளை அந்தப் பக்கம் வராத வரைக்கும் சரி. என்னிக்காவது உன் ரூமுக்கு வந்தா சொல்லிடு, அன்னிக்கே வேற ஸ்கூல்ல சேத்துடறேன். என் பொண்ணுக்கு என்ன குறைச்சல்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அக்கா சிரித்துக்கொண்டே சொல்வதைத்தான் செய்வாள் என்று தங்கைக்குத் தெரியும். அம்மாவின் மருந்துச் சீட்டுகளை எல்லாம் மூன்றாம் நாளே கிழித்துப் போட்டதும் அப்படித்தான்.

போனை வைத்த பிறகு புதன் டீச்சரை அழைத்தாள். கேட்கக்கூடாதுதான். ஆனாலும் கேட்டாள், சுற்றி வளைத்து.

"பொதுவா ஒரு சந்தேகம். வீட்ல ரெண்டு பேருக்கு நடுவுல ஒரு பிள்ளை..."

"நீங்க யாரைப் பத்திக் கேக்கறீங்கன்னு எனக்குத் தெரியாது" என்றாள் புதன் டீச்சர், இடைமறித்து. "தெரிஞ்சாலும் தெரியாது. நீங்க மாட்டினதுதானே சுவத்துல தொங்குது?"

அதற்கு மேல் அவள் பிடி கொடுக்கவில்லை. நல்ல ஆலோசகர் அப்படித்தான் இருக்கவேண்டும். தான் செய்யவேண்டியதை அவள் சரியாகச் செய்ததில் இவளுக்குத் தாங்கமுடியாத எரிச்சல் வந்தது.

பதினொன்றரை மணிக்கு வெளியே தூறல் பிடித்தது. நூலகக் கதவுக்குப் பின்னால் ஆண் குரல் ஒன்று கேட்டது. லிஃப்டின் கூண்டுக்குள் நின்று ஆறு மாடிக்குக் கேட்கும்படி பேசிப் பழகிய குரல். அத்தானுக்கு மெதுவாகப் பேச வராது.

காது டீச்சர் கதவைச் சற்றே திறந்து அலமாரிச் சந்து வழியாகப் பார்த்தாள். தோளில் கருவிப் பை, தலையில் மழைத்துளி, கையில் மஞ்சள் சீட்டு. நூலகரின் முகத்தில் ஈயாடவில்லை.

"ரெண்டு கடையில கேட்டுட்டேங்க" என்றார் அத்தான். "அப்படி ஒரு புத்தகமே இல்லைங்கறாங்க."

"அது... இப்போ அச்சுல இல்லைங்க."

"பதிப்பகம் எதுன்னு சொல்லுங்க, நேரா போய்க் கேக்கறேன்."

"பதிப்பகமும் இப்போ இல்லைங்க."

"எழுதினவர்?"

நூலகர் மேசையிலிருந்த புத்தகங்களை அடுக்கினார். "அவரும்தான்."

அத்தான் ஒரு கணம் தலையைக் குனிந்தார், துக்கம் விசாரிப்பவர் போல. "அப்போ தொலைஞ்சதுக்கு என்ன செய்யணுமோ செஞ்சுடறேன். சொல்லுங்க."

பொய்க்கு ஒரு குணம் உண்டு. ஒன்று சொல்லிவிட்டால் அடுத்தது தானாக வாய்க்கு வந்துவிடும், அது எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்க்க நேரம் கொடுக்காது. இவரை எப்படியாவது இப்போதைக்கு அனுப்பவேண்டும் என்பது மட்டும்தான் நூலகரின் எண்ணம். கஷ்டமான நிபந்தனை ஒன்றைப் போட்டால் போய்விடுவார் என்று நினைத்தார்.

"ரெண்டு பேரும் வந்து கையெழுத்துப் போடணுங்க. அப்பாவும் அம்மாவும். சேந்து."

"ஒரு புத்தகத்துக்கா?"

"அரிய புத்தகம்ங்க."

"எப்போ வரணும்?"

"நாளைக்கு. பத்து மணிக்கு."

ஏன் நாளை, ஏன் பத்து மணி என்று நூலகருக்கே தெரியாது. அத்தான் சீட்டை நான்காக மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திரும்பும்போது அலமாரிக்குப் பக்கத்தில் மைத்துனியைப் பார்த்துவிட்டார்.

"நீ இங்கதான் இருக்கியா? பாத்தியா, உங்க ஸ்கூல்ல ஒரு புத்தகம் தொலைஞ்சா பத்திரப் பதிவு மாதிரி ரெண்டு சாட்சி கேக்கறாங்க."

நடைபாதை வரைக்கும் அவரோடு நடந்தாள். மதிய மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் ஒவ்வொரு பாடம் கசிந்து வந்துகொண்டிருந்தது.

"இதுக்கு ஏன் அத்தான் இவ்வளவு அலையறீங்க? நான் பாத்துக்க மாட்டேனா?"

"இல்லம்மா." அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "ஏழு மாசத்துல உங்க அக்கா எனக்குன்னு வச்ச முதல் காகிதம் இது. உப்பு பாட்டிலுக்கு அடியில. மிளகு கையில குடுக்கல பாரு, எனக்குன்னே வச்சிருக்கா. அதுக்குக்கூட நான் லேட்டா போய் நின்னா?"

காது டீச்சருக்கு அம்மாவின் உடல் கிடந்த கூடத்தில், க்ரீஸ் கறையோடு அவர் வாசலில் நின்ற கோலம் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அவளும் அவர் பக்கம் பேசவில்லை.

"நாளைக்குப் பத்து மணிக்கு இங்க. பன்னெண்டு மணிக்கு கம்பெனியில கையெழுத்து" என்றார்.

"என்ன கையெழுத்து?"

"அந்த வெளியூர் வேலைதான். ரெண்டு வருஷம். அடுத்த வாரமே கிளம்பணும்."

அவள் நின்றுவிட்டாள். "போகலேன்னு..."

"போறேன்னு அன்னிக்கே மிளகுகிட்ட சொல்லி அனுப்பிட்டேனே. வேலை வந்திருக்குன்னு சொன்னதுக்கு உங்க அக்கா என்ன பதில் சொன்னா தெரியுமா? 'போயிட்டு நல்லபடியா வாங்க, நாங்க பாத்துக்கறோம்'னு. உங்க அக்காவா இதுன்னு எனக்கே நம்பமுடியல. அந்த ஒரு வார்த்தை இல்லேன்னா நான் போயே இருக்கமாட்டேன்மா. கோவத்தோட விட்டுட்டுப் போனா அது ஓடிப்போறது. இது அப்படி இல்ல."

அவர் குடை இல்லாமல் தூறலில் இறங்கிப் போனார். அவள் அதே இடத்தில் நின்றாள்.

ஒரு முறை அத்தானே அவளுக்கு லிஃப்ட் வேலை செய்யும் விதத்தைச் சொல்லியிருக்கிறார். கூண்டு ஒரு பக்கம், அதைவிடக் கொஞ்சம் கனமான இரும்புக் கட்டைகள் மறுபக்கம். இரண்டையும் ஒரே கயிறுதான் கட்டியிருக்கிறது. இது ஏறினால் அது இறங்கும், ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்வது நடுவழியில் ஒரு விநாடி மட்டும்தான். மேலே ஒரு சக்கரம் இருக்கிறது. இரண்டு பக்கத்துக் கனமும் ராத்திரி பகலாக அந்தச் சக்கரத்தின் மேல்தான். லிஃப்ட் குலுங்காமல் போகிறது என்றால், உள்ளே நிற்பவர்களுக்குச் சக்கரத்தின் நினைப்பே வராது என்றார் அத்தான்.

அக்கா சொன்னது: திரும்பி இந்த வாசப்படி மிதிக்கவேண்டாம். அத்தான் காதில் விழுந்தது: போயிட்டு நல்லபடியா வாங்க. அத்தான் சொன்னது: போகிறேன். அக்கா காதில் விழுந்தது: உங்களை விட்டுட்டு எங்கயும் போகல.

இரண்டு முனையிலும் காது வைத்தால்தான் இது தெரியும். காது வைத்தவள் அவள் ஒருத்திதான், அதுவும் இன்றைக்குத்தான். ஏழு மாதமாக அந்தப் பிள்ளை ஒவ்வொரு சேதியையும் பூசி மெழுகி, முள்ளை எடுத்துவிட்டு, கேட்பவருக்குப் பிடித்த மாதிரி கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். எத்தனை சேதியை மாற்றினாளோ. சின்னச் சின்னதாக இருந்தவரை குலுங்காமல் ஓடியது. இப்போது இரண்டு பெரிய பொய்கள் எதிரெதிராக வருகின்றன, நாளை பன்னிரண்டு மணிக்கு முட்டிக்கொள்ளும்.

தபால்காரரின் விடுமுறை. பெயரை அவளே தேர்ந்திருக்கிறாள்.

நூலகர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "உங்களோட சேந்து அஞ்சு வருஷமா நானும் பொய்க்காரியாயிட்டேன் டீச்சர்."

"கொஞ்சம் நல்ல பொய்யா சொல்லியிருக்கலாமே."

"அவ்வளவு நல்லா சொல்ல வந்தா நான் எதுக்கு அலமாரிக்குள்ள உக்காந்திருக்கேன்? நாளைக்கு ரெண்டு பேரும் வந்து நின்னா எந்தப் புத்தகத்துல கையெழுத்து வாங்கறது?"

"வரமாட்டாங்க" என்றாள் காது டீச்சர். "சேதி போய்ச் சேந்தாத்தானே வருவாங்க."

சாயங்காலம் ஐந்து மணிக்கு அக்கா வீட்டுப் படியேறினாள். நான்காவது மாடி. லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது என்பது அந்த வீட்டின் பழைய ஜோக். முன்பெல்லாம் மாடிப்படியிலேயே அத்தானைக் கேலி செய்துகொண்டு ஏறுவார்கள்.

அக்கா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மழையில் காயாத துணிகள் ஒவ்வொன்றிலும் ஆவி பறந்தது. மிளகு சாப்பாட்டு மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய சின்ன பட்டன் போன். ஏழு மாதத்துக்கு முன் சேதி சுமக்கவென்றே அதை அவளுக்கு வாங்கிக் கொடுத்திருந்தார்கள்.

"லைப்ரரில கேட்டியா?" என்றாள் அக்கா.

"கேட்டேன். நாளைக்குச் சொல்றாங்களாம்."

"டீ போடறேன், இரு." அக்கா உள்ளே போனாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

மிளகு நோட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. "புத்தகம் கிடைச்சுதா சித்தி?"

"இல்ல."

"கிடைக்காது."

"தெரியும்."

பென்சில் நின்றது. மிளகு மெதுவாக நிமிர்ந்தாள். அக்காவின் மூக்கு, அத்தானின் கண். அந்தக் கண்ணுக்குக் கீழே பன்னிரண்டு வயதுக்கு ஆகாத ஒரு கருப்பு.

"இப்போ நீங்க சித்தியா, டீச்சரா?"

"எது வேணும் உனக்கு?"

"சித்தின்னா அம்மாகிட்ட சொல்லிடுவீங்க."

"டீச்சர்னா?"

"டீச்சர்னா நீங்க என்கிட்ட இதைப் பேசவே கூடாது. சுவத்துல எழுதியிருக்கு."

நாற்பத்தொரு வயதில், பதினாறு வருஷ அனுபவத்தில், இவ்வளவு சுத்தமாக இரண்டு கதவையும் யாரும் அவள் முகத்தில் சாத்தியதில்லை. பிள்ளைகளோடு பேசுவதற்கு அவளிடம் எத்தனையோ வழிகள் உண்டு. கேட்டதைத் திருப்பிச் சொல்வது, அமைதியாக இருப்பது, படம் வரையச் சொல்வது. எல்லாம் வேறு பிள்ளைகளுக்கானவை.

போன் அடித்தது. ஐந்தரை. அத்தானுக்கு டீ இடைவேளை.

"ம்... சாப்பிட்டேன்பா... ம்..."

போனைக் காதோடு ஒட்டி வைத்திருந்தாலும் அவர் குரல் வெளியே வழிந்தது. "நாளைக்குக் காலைல பத்து மணிக்கு ரெண்டு பேரும் லைப்ரரிக்கு வரணும்னு அம்மாகிட்ட சொல்லு. சேந்து வந்தாத்தானாம். அப்படியே நான் கம்பெனிக்குப் போய்க் கையெழுத்து போட்டுடுவேன்னு சொல்லு. மறந்துடாத, என்ன?"

"சொல்றேன்பா."

அவள் போனை வைப்பதற்கும் அக்கா இரண்டு டம்ளரோடு வெளியே வருவதற்கும் சரியாக இருந்தது.

"என்னடி சொல்றார் உங்கப்பா?"

மிளகு போனை நோட்டுக்குப் பக்கத்தில் தள்ளிவைத்தாள். அவள் உதடு சத்தமில்லாமல் ஒரு தடவை அசைந்தது, வாக்கியத்தை வாய்க்குள் போட்டுப் பார்ப்பதுபோல. எதிரே சித்தி உட்கார்ந்திருக்கிறாள், எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னாள்.

"புத்தகத்தைப் பத்திக் கவலைப்படவேணாம், அப்பாவே பாத்துக்கறாராம். அப்புறம்..." கண் ஜன்னல் பக்கம் போனது. "மழையா இருக்கு, மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போகாதன்னு சொல்லச் சொன்னார். வழுக்குமாம்."

அக்கா டம்ளரை மேசையில் வைத்தாள். "ஓஹோ. என் கால்மேல திடீர்னு என்ன அக்கறையாம்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். ஆனால் தங்கை பார்த்துவிட்டாள். அம்மா போன பிறகு அந்த முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி வந்து அவள் பார்த்ததில்லை.

"பதிலுக்கு என்னம்மா சொல்லணும்?" மிளகு கேட்டாள், கடையில் அடுத்த ஆளைக் கேட்பதுபோல.

"ஒண்ணும் வேணாம்." அக்கா காலரைத் திருப்பிப் போட்டாள். அது அத்தானின் சட்டை. அதைத் தேய்த்துவிட்டு, யாருக்கோ சொல்வதுபோல, "வேணும்னா நாளைக்குக் குடை எடுத்துட்டுப் போகச் சொல்லு" என்றாள்.

ஏழு மாதத்தில் முதல் தடவையாக, மெழுக வேண்டிய அவசியம் இல்லாத ஒரு சேதி. மிளகுக்கும் அது தெரிந்தது. அவள் சித்தியைப் பார்த்த பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது. பாருங்க, நடக்குதே, இன்னும் கொஞ்ச நாள் விடுங்களேன் என்பது மாதிரி.

விட்டால் நாளை பத்து மணிக்கு அத்தான் நூலக வாசலில் தனியாக நிற்பார். அவள் இதற்குக்கூட வரவில்லை என்று நினைத்தபடியே போய்க் கையெழுத்துப் போடுவார். ஞாயிற்றுக்கிழமை அக்கா பேச வரும்போது பெட்டி கட்டியிருக்கும். அப்போது இருவரும் சேர்ந்து திரும்பிப் பார்க்கப்போவது ஒரே ஒரு ஆளைத்தான். வேண்டாம், இன்றைக்கே தெரியட்டும். ஆனால் இவள் வாயால் சொன்னால் அதுவும் இன்னொரு சேதிதான். பழைய தபால்காரிக்குப் பதில் புதிய தபால்காரி.

காது டீச்சர் கையை நீட்டி மேசையிலிருந்த பட்டன் போனை எடுத்தாள். கடைசியாக வந்த எண்ணை அழுத்தி அக்காவிடம் நீட்டினாள்.

"குடையைப் பத்தி நீயே சொல்லுக்கா."

"என்னடி இது, வச்சிடு." அக்கா இரண்டு அடி பின்னால் போனாள். "உனக்கென்ன பைத்தியமா?"

"சித்தி, வேணாம்" என்றாள் மிளகு.

மணி அடித்துக்கொண்டிருந்தது. மூன்று, நான்கு. தங்கை கையை மடக்கவில்லை. அந்தப் பக்கம் எடுத்தார்கள். லிஃப்டின் கூண்டுக்குள்ளிருந்து பேசுவதுபோல எதிரொலியோடு குரல் வந்தது. அதில் இருந்த கனிவை அக்கா கேட்டு எத்தனை நாளாயிற்றோ.

"சொல்லுடா மிளகு. அம்மா என்ன சொன்னா?"

அக்கா போனை வாங்கிக்கொண்டாள். காதில் வைத்தாள். இஸ்திரிப் பெட்டி சட்டையின் மேலேயே இருந்தது. தங்கை அதை எடுத்து நிமிர்த்தி வைத்தாள்.

"குடை" என்றாள் அக்கா. தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தடவை சொன்னாள். "நாளைக்குக் குடை எடுத்துட்டுப் போங்க."

அந்தப் பக்கத்தில் எங்கோ ஒரு லிஃப்டின் கதவு மூடிக்கொள்ளும் ஓசை மட்டும் கேட்டது. பிறகு அத்தான் பேசினார். அவருக்குத்தான் மெதுவாகப் பேச வராதே. ஒவ்வொரு வார்த்தையும் அறை முழுக்கக் கேட்டது.

"நீயா... நீயேவா பேசற? இதை முன்னாடியே நானே சொல்லியிருக்கணும். 'போயிட்டு நல்லபடியா வாங்க'ன்னு சொல்லி அனுப்பினியே, அந்த வார்த்தைக்காகத்தான் நான் நாளைக்குக் கையெழுத்தே போடப் போறேன்."

அக்காவின் முகத்திலிருந்த மலர்ச்சி அப்படியே நின்று, கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. அவள் மெதுவாக மகள் பக்கம் திரும்பினாள்.

"நான் என்ன சொல்லி அனுப்பினேன்?" என்றாள். கேட்டது போனிலா, மகளிடமா என்று தெரியவில்லை.

மிளகு அம்மாவைப் பார்க்கவில்லை. பென்சிலை டப்பாவில் வைத்து மூடினாள். ரப்பரை எடுத்து, மறுபடி திறந்து, அதையும் வைத்து மூடினாள். பிறகு காது டீச்சரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இப்போது சித்தியும் இல்லை, டீச்சரும் இல்லை.

போனில் அத்தான் "ஹலோ, ஹலோ" என்றுகொண்டிருந்தார். அக்கா காத்திருந்தாள். ஏழு மாதமாக யார் என்ன கேட்டாலும் ஒரு பதில் வைத்திருந்த பிள்ளை, வாயைத் திறந்து, ஒன்றும் இல்லாமல் மூடிக்கொண்டாள்.